பழைய ஹார்ட் டிஸ்க்கோட ஃபர்ம்வேரை நோண்டிப் பாக்குறது எப்படி

ரிவர்ஸ் இன்ஜினியரிங், அதாவது செஞ்சு முடிச்ச ஒரு பொருளைப் பிரிச்சுப் பாத்து அது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கிறது, கத்துக்க எதுல ஆரம்பிக்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற பதில் ஒண்ணுதான், ஒரு பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கோங்க. ரவுட்டர்ல ஆரம்பிங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா ரவுட்டர் உள்ள பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடும், ஃபைல் சிஸ்டத்தைப் பிரிச்சா ஒவ்வொரு புரோகிராமும் பேரோட வந்து நிக்கும். ஹார்ட் டிஸ்க்ல அந்தச் சலுகை கிடையாது. நமக்குத் தெரிஞ்ச ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் உள்ள ஓடல, ஃபங்ஷன் பேரு எதுவும் கிடைக்காது, கண்ட்ரோலர் சிப்போட டேட்டாஷீட்டை கம்பெனிக்காரங்க வெளிய விடுறதே இல்ல. ஆனா இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. டிஸ்க் கம்ப்யூட்டரோட பேசுற ஏடிஏ பாஷை முழுக்க எழுதி வெச்ச ஸ்டாண்டர்டு. என்ன கேள்வி உள்ள போகுது, பதில்ல எத்தனாவது பைட்டுல என்ன இருக்கணும், எல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரியும், நடுவுல நடக்கிறது மட்டும்தான் தெரியாது. வேற எந்த சாதனத்துலயும் இவ்வளவு தெளிவா கேள்வியையும் விடையையும் கைல குடுத்துட்டு வழியை மட்டும் மறைச்சு வெக்க மாட்டாங்க, கத்துக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அதனால சவாலையும் சின்னதா, கண்ணால பாக்குற மாதிரி வெச்சுக்கலாம். லினக்ஸ்ல ஹெச்டிபார்ம்னு ஒரு கட்டளை இருக்கு, அதுக்கு பெரிய ஐ ஆப்ஷன் குடுத்தா டிஸ்க் தன்னோட மாடல் பேரு, சீரியல் நம்பர் எல்லாம் சொல்லும். அந்த மாடல் பேரு வர்ற இடத்துல உங்க பேரு வரணும். அவ்வளவுதான். கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா இதை முடிக்கிறதுக்குள்ள ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்கை உள்ள இருந்து ஓட்டுற புரோகிராம், எங்க இருக்கு, எப்படி ஏறுது, கட்டளை வந்தா எந்த கோடு ஓடுது, அதை எங்க வெட்டி ஒட்டணும்னு எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். டிஸ்க்கோட அடியில இருக்கிற பச்சை போர்டுல முக்கியமா நாலு சிப் இருக்கும். பெருசா இருக்கிறது மெயின் கண்ட்ரோலர், சிபியு அதுக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல ஒரு டிராம் சிப், டிஸ்க் விளம்பரத்துல 32 எம்பி கேஷ் 64 எம்பி கேஷ்னு போடுறது இதைத்தான். அப்புறம் மோட்டாரையும், டேட்டாவைப் படிக்கிற ஹெட் இருக்கிற கையையும் ஓட்டுற சிப். கடைசியா எட்டுக் கால் வெச்ச ஒரு குட்டி ஃப்ளாஷ் சிப். பவர் குடுத்த உடனே கண்ட்ரோலருக்குள்ளயே பொறிச்சிருக்கிற பூட் ரோம் ஓடும், அது ஃப்ளாஷ்ல இருக்கிற கோடை எடுத்து மெமரியில போடும், அந்தக் கோடு மோட்டாரைச் சுத்த விட்டு, ஹெட்டை இறக்கி, பிளாட்டர்ல, அதாவது டேட்டா பதியிற சுத்துற தட்டுல, நம்ம கண்ணுக்குத் தெரியாம ஒதுக்கி வெச்சிருக்கிற சர்வீஸ் ஏரியாவைப் படிக்கும். மிச்ச ஃபர்ம்வேர், கெட்டுப்போன இடங்களைக் குறிச்ச டிஃபெக்ட் லிஸ்ட், டிஸ்க்கோட ஆரோக்கியத்தைச் சொல்ற ஸ்மார்ட் பதிவுகள், செக்டார் நம்பரை பிளாட்டர்ல இருக்கிற இடமா மாத்துற டிரான்ஸ்லேட்டர் எல்லாம் அங்கதான் இருக்கு. ஃபர்ம்வேர் ரெண்டு எடத்துல பிரிஞ்சு கிடக்குங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க, இந்த சவாலோட கஷ்டமே பிற்பாடு அங்கதான் வந்து நிக்கும்.

2013ல நெதர்லாந்துல நடந்த ஓஹெச்எம் ஹேக்கர் கூட்டத்துல ஜெரோன் டோம்பர்க்னு ஒருத்தர், ஸ்பிரைட்ங்கிற பேர்ல எழுதுறவர், ஒரு வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கை இப்படித்தான் பிரிச்சுக் காட்டினார். அதுல இருந்த மார்வெல் கம்பெனி கண்ட்ரோலருக்குள்ள மூணு ஆர்ம் வகை சிபியு கோர் இருந்துச்சு, ரெண்டு ஃபெரோசியான், ஒரு கார்டெக்ஸ் எம்3. அந்த எம்3யை நிறுத்திப் போட்டும் டிஸ்க் பாட்டுக்கு வேலை செஞ்சுதாம். கடைசியில அந்த டிஸ்க் கண்ட்ரோலர்லயே ஒரு லினக்ஸ் கெர்னலை பூட் பண்ணிக் காட்டினார். நீங்க வாங்குற டிஸ்க்கும் அந்த வகையா, அதாவது மார்வெல் சிப் போட்ட அந்தக் கால 3.5 இன்ச் வெஸ்டர்ன் டிஜிட்டலா இருந்தா நல்லது, காரணம் அதுக்கு ஜேடேக், அதாவது சிப்பை ஒயர் வழியா நிறுத்தி மெமரியைப் பாக்க உதவுற டீபக் வழி, திறந்தே இருந்துச்சு. புது டிஸ்க்ல ஃபர்ம்வேருக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை இருக்கு, டீபக் வழியையும் அடைச்சு வெச்சிருப்பாங்க, ஆரம்பிக்கிறவங்க அதுல தலையை விட வேண்டாம்.

சென்னையில இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா பழைய டிஸ்க் கிடைக்கும். ஒரே மாடல்ல, ஒரே போர்டு நம்பர்ல ரெண்டு வாங்குங்க, ஒண்ணு நோண்ட, இன்னொண்ணு ஒப்பிட்டுப் பாக்க. வாங்கும்போது போர்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, ஏன்னா சில போர்டுல ஃப்ளாஷ் கண்ட்ரோலருக்குள்ளயே இருக்கும், வெளிய எட்டுக் கால் சிப் வர வேண்டிய இடம் காலியா கிடக்கும், வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டுகள்ல அந்த இடத்துக்குப் பக்கத்துல பொதுவா யு12னு அச்சடிச்சிருக்கும். சிப் இருக்கிற போர்டா பாத்து எடுங்க. முக்கியமா ஒண்ணு, உங்க சொந்த டிஸ்க்கா இருக்கணும், அதுல யாரோட டேட்டாவும் இருக்கக் கூடாது. அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல அனுமதி இல்லாம கை வெச்சா ஐடி சட்டம் 43, 66 பிரிவுல வந்து நிக்கும். நோண்டின டிஸ்க்கை அப்புறம் யாருக்கும் வித்துடாதீங்க.

சாமான் அதிகம் வேண்டாம். டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், பொடி முனை சால்டரிங் அயர்ன், மெல்லிசு ஒயர், ஜேடேக்குக்கு எஃப்டி2232ஹெச் சிப் போட்ட ஒரு யுஎஸ்பி போர்டு, ஃப்ளாஷ் படிக்க ஒரு புரோகிராமர். பாதி பேர் கைல இருக்கிறது கறுப்பு கலர் சிஹெச்341ஏ புரோகிராமர், அதுல ஒரு சிக்கல் தெரிஞ்சுக்கோங்க, சிப்புக்கு 3.3 வோல்ட் குடுத்தாலும் டேட்டா கால்கள்ல 5 வோல்ட் வருது. மீட்டர் வெச்சுப் பாத்துட்டு தொடுங்க, இல்ல ராஸ்பெர்ரி பையில ஃப்ளாஷோட பேசுற எஸ்பிஐ கால்களைப் பயன்படுத்துங்க, அது சரியா 3.3தான். டிஸ்க்கை மதர்போர்டு சாட்டா போர்ட்லயே நேரா மாட்டுங்க, யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியா போனா நடுவுல இருக்கிற சிப் சில கட்டளைகளை விழுங்கிடும், எது டிஸ்க் சொன்ன பதில் எது கன்வர்ட்டர் சொன்ன பதில்னே தெரியாது.

இப்ப வேலைக்கு வருவோம். நேரா கோடைப் பிரிச்சுக் காட்டுற டிஸ்அசெம்பிளர்ல போய் உக்காராதீங்க, முதல்ல வெளிய இருந்து பாருங்க. மாடல் பேரு கேக்குற கட்டளைக்கு ஐடென்டிஃபை டிவைஸ்னு பேரு, கட்டளை எண் ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிப்படை எண் முறையில, ஈ, சிங்கிற ரெண்டு எழுத்து. பதில் சரியா 512 பைட். அதை அப்படியே ஹெக்ஸா வாங்கி ஒரு ஃபைல்ல வெச்சுக்கோங்க, ஹெச்டிபார்ம்லயே அதுக்கு ஆப்ஷன் இருக்கு. 20வது பைட்டுல இருந்து 20 எழுத்து சீரியல் நம்பர், 46ல இருந்து 8 எழுத்து ஃபர்ம்வேர் பதிப்பு, 54ல இருந்து 40 எழுத்து மாடல் பேரு. அந்த 40 எழுத்தை உத்துப் பாத்தீங்கன்னா ஜோடி ஜோடியா இடம் மாறிக் கிடக்கும். டபிள்யூ டி சி ஸ்பேஸ்னு இருக்க வேண்டியது டி டபிள்யூ ஸ்பேஸ் சின்னு இருக்கும், பைட்டா எழுதினா 57 44 43 20க்குப் பதிலா 44 57 20 43. ஏடிஏ ஸ்டாண்டர்டு எழுத்துகளை ரெண்டு பைட் சேர்ந்த வேர்டு வேர்டா அடுக்குறதால வர்றது இது. பின்னாடி மெமரியில தேடும்போது ரெண்டு வரிசையிலயும் தேடணும், ஒரு வரிசையில மட்டும் தேடிட்டு இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க.

இன்னொரு பொக்கிஷம் கடைசி ரெண்டு பைட்டுல இருக்கு. 510வது பைட் ஏ5ங்கிற அடையாளம், 511வது பைட் செக்சம், அதாவது டேட்டா மாறலன்னு சரி பாக்க உதவுற எண், 512 பைட்டையும் கூட்டினா கடைசி எட்டு பிட் பூஜ்யம் வரணும். ஹெச்டிபார்ம் அதைச் சரி பாத்து அவுட்புட்டோட கடைசி வரியில செக்சம் கரெக்ட்னோ இன்கரெக்ட்னோ போடும். இப்போதைக்கு அந்த வரியை நினைவுல வெச்சுக்கோங்க, அது நமக்கு இலவசமா கிடைச்ச டீபக்கர்.

அடுத்து ஃப்ளாஷை காப்பி எடுக்கணும். போர்டைக் கழட்டி எட்டுக் கால் சிப்புல கிளிப் மாட்டி ஃப்ளாஷ்ரோம் புரோகிராமால படிக்கலாம், ஆனா கிளிப் வழியா போற பவர் கண்ட்ரோலரையும் அரைகுறையா எழுப்பிவிட்டு அதுவும் அதே சிப்போட பேச ஆரம்பிச்சிடுறது உண்டு, அப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற டேட்டா வரும். ரெண்டு மூணு தடவை படிச்சு ஃபைலோட கைரேகை மாதிரியான ஷா256 ஹாஷ் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா சிப்பையே கழட்டிப் படிங்க. படிச்ச ஃபைலை ரெண்டு வேற இடத்துல பத்திரப்படுத்துங்க, காரணம் அதுல கோடு மட்டும் இல்ல, அந்த ஒரு குறிப்பிட்ட டிஸ்க்கோட ஹெட்டுகளுக்கு ஃபேக்டரியில அளந்து எழுதின அளவுகளும் இருக்கு. இன்னொரு டிஸ்க்கோட ஃப்ளாஷ் ஃபைலை இதுல எழுதினா வேலைக்கு ஆகாது. டேட்டா ரெகவரி கடையில போர்டு மாத்தும்போது பழைய போர்டோட ரோம் சிப்பையும் எடுத்துப் புதுசுல வெக்கிறது இதுக்காகத்தான்.

அந்த ஃபைலை பின்வாக்ங்கிற ஃபர்ம்வேர் அலசுற புரோகிராம்ல போட்டு என்ட்ரோபி வரைபடம் பாருங்க, பைட்டுகள் எவ்வளவு ஒழுங்கில்லாம கலந்திருக்குன்னு காட்டுறது அது. ஆரம்பத்துல ஒரு சின்ன பகுதி தாழ்வா இருக்கும், அப்புறம் பெரிய பகுதி உச்சத்தை ஒட்டி சமமா போகும். உச்சத்துல இருக்கிறது கம்பிரஸ் பண்ண கோடு. தாழ்வா இருக்கிறதுல ஃபைல் ஆரம்பத்துலயே சின்னச் சின்னப் பதிவுகளா ஒரு பட்டியல் தெரியும், எந்தத் துண்டு எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், மெமரியில எந்த முகவரிக்குப் போகணும், செக்சம் என்னன்னு. கம்பிரஷன் முறையைக் கண்டுபிடிக்கிறேன்னு இங்கயே முட்டிக்கிட்டு நிறைய பேர் சலிச்சுப் போயிடுறாங்க. வேண்டாம். டிஸ்க் எப்படியும் அதை விரிச்சு மெமரியில போட்டுத்தான் ஓட்டணும், விரிச்சதுக்கு அப்புறம் நாம மெமரியில இருந்து எடுத்துக்கலாம்.

மெமரிக்குள்ள போற வழிதான் ஜேடேக். நாலு ஒயர் போதும், டிசிகே, டிஎம்எஸ், டிடிஐ, டிடிஓ, கூட கிரவுண்டு. சில வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டுல 38 பின் மிக்டர் கனெக்டருக்கான காலி தடம் அப்படியே இருக்கும், அது இருந்தா அதிர்ஷ்டம், அந்த கனெக்டர்ல எந்த பின் எதுன்னு ஆர்ம் கம்பெனியோட ஆவணத்துலயே இருக்கு. இல்லன்னா போர்டுல இருக்கிற டெஸ்ட் புள்ளிகளை ஒவ்வொண்ணா ஒயர் இழுத்து, ஜோ கிராண்ட் பண்ண ஜேடேகுலேட்டர் மாதிரி ஒரு கருவியால எது எதுன்னு கண்டுபிடிக்கணும். வோல்டேஜ் அளந்துட்டு மாட்டுங்க. ஒயரைக் குட்டையா வைங்க, கிளாக்கை 100 கிலோஹெர்ட்ஸ் மாதிரி மெதுவா ஆரம்பிங்க, பிற்பாடு ஏத்திக்கலாம்.

ஜேடேக்ல பேசுற புரோகிராமான ஓப்பன்ஓசிடியை எந்த டேப்பும், அதாவது ஜேடேக் சங்கிலியில இருக்கிற எந்த கோரையும், சொல்லாம ஓட விட்டா அதுவே தேடும், ஆட்டோ புரோபிங் வேலை செய்யாமலும் போகலாம்னு பெரிய எழுத்துல ஒரு எச்சரிக்கை போட்டுட்டு, கிடைச்ச ஐடிகோடுகளை, அதாவது அடையாள எண்களை, பட்டியல் போடும். எல்லாம் சைபராவோ எல்லாம் எஃப்பாவோ வந்தா ஒயர் தப்பு. எத்தனை டேப் வருதோ அதை வெச்சு எத்தனை கோர்னு ஊகிக்கலாம். ஃபெரோசியானுக்கு ஓப்பன்ஓசிடியில தனி டார்கெட் வகையே இருக்கு, அதைக் குடுத்து கான்ஃபிக் எழுதி ஒரு கோரை நிறுத்திப் பாருங்க, அடுத்து ஓடப் போற கட்டளையோட முகவரியை வெச்சிருக்கிற பிசி ரெஜிஸ்டர் ஒரு நியாயமான முகவரியைக் காட்டினா உள்ள வந்தாச்சு.

இங்க ஒரு விஷயம் பலருக்கும் தெரியாம மணிக்கணக்கா அலைய வெக்கும். கோரை நிறுத்தி வெச்சிருக்கும்போது கம்ப்யூட்டர் பக்கம் லினக்ஸ் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கும், சாதாரணமா 30 செகண்டு, அதுக்குள்ள பதில் வரலன்னா சாட்டா லிங்கையே ரீசெட் பண்ணிடும், நீங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த நிலைமை எல்லாம் கலைஞ்சு போயிடும். சிஸ் ஃபைல் சிஸ்டத்துல அந்த டிஸ்க்கோட டிவைஸ் ஃபோல்டருக்குள்ள டைம்அவுட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல 600 மாதிரி ஒரு எண்ணை எழுதிட்டு ஆரம்பிங்க. டெஸ்க்டாப் தானா மவுன்ட் பண்றதையும் நிறுத்திடுங்க, ஸ்மார்ட் கவனிக்கிற சர்வீஸ் ஓடினா அதையும் நிறுத்துங்க, நீங்க அனுப்பாத கட்டளை எதுவும் டிஸ்க்குக்குப் போகக் கூடாது.

மெமரி வரைபடம் நமக்கு யாரும் குடுக்கப் போறதில்ல, நாமதான் வரையணும். ஆர்ம் கோர்ல எக்ஸப்ஷன் வெக்டர், அதாவது ரீசெட்டோ பிழையோ வந்தா எங்க போகணும்னு சொல்ற பட்டியல், ஒண்ணு பூஜ்யம் முகவரியில இருக்கும், இல்ல மேல எஃப் நாலு, சைபர் நாலு போட்ட முகவரியில இருக்கும், ரெண்டையும் முதல்ல எடுங்க. வெக்டர் எப்படி இருக்கும்னா 18, எஃப்0, 9எஃப், ஈ5ங்கிற நாலு பைட் அடுத்தடுத்து திரும்பத் திரும்ப வரும், பிசிக்குள்ள ஒரு முகவரியை ஏத்துற கட்டளை அது. அதைப் பாத்துட்டீங்கன்னா எண்ணோட கடைசி பைட் முதல்ல வர்ற லிட்டில் எண்டியன் ஆர்ம் கோடுதான்னு உறுதி, பின்னாலயே வர்ற எட்டு முகவரிகள் கோடு எந்தெந்தப் பக்கம் இருக்குன்னும் காட்டிக் குடுத்துடும். அந்த முகவரிகளைச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா படிச்சு விரிவாக்குங்க. இல்லாத முகவரியைப் படிச்சா டேட்டா அபார்ட்ங்கிற பிழை வரும், அது டிஸ்க்கைக் கெடுக்காது, பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா போச்சு. ரெஜிஸ்டர் மாதிரி தெரியற பகுதியில மட்டும் கண்டபடி எழுதாதீங்க, மோட்டாரும் ஹெட்டும் அங்கதான் மாட்டியிருக்கு.

டிராம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அழகான ஒரு வழி உண்டு. யாருக்கும் வராத ஒரு 16 எழுத்து வாசகத்தை எழுதி, அதால 512 பைட்டை நிரப்பி, டிஸ்க்குல ஒரு செக்டார்ல எழுதுங்க, திரும்ப அதையே படிங்க, உடனே கோரை நிறுத்தி மெமரியில அந்த வாசகத்தைத் தேடுங்க. கிடைச்ச இடம்தான் கேஷ். ஸ்பிரைட்டும் கேஷைப் பிடிச்சுத்தான் முன்னேறினார்.

இப்ப நம்ம மாடல் பேருக்கு வருவோம். ஐடென்டிஃபை கட்டளையை ஒரு தடவை அனுப்பிட்டு, எடுத்து வெச்ச மெமரி ஃபைல்கள்ல 44 57 20 43யும் 57 44 43 20யும் தேடுங்க. பெரும்பாலும் ஒரு இடத்துல நிக்காது, ரெண்டு மூணு இடத்துல கிடைக்கும். ஒண்ணு மூலப் பிரதி, ஒண்ணு அனுப்புறதுக்காகக் கட்டின 512 பைட் பஃபர், இன்னொண்ணு சர்வீஸ் ஏரியாவுல இருந்து படிச்ச மாட்யூலோட நகல். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு எழுத்தை மட்டும் ஜேடேக் வழியா மாத்திட்டு கோரை ஓட விட்டு ஹெச்டிபார்ம் அடிங்க. பேரே மாறலன்னா அது நகல், யாரும் அதைப் பாக்கல. பேரு மாறி கடைசி வரியில செக்சம் இன்கரெக்ட்னு வந்தா நீங்க தொட்டது செக்சம் போட்டதுக்கு அப்புறம் இருக்கிற பஃபரை. பேரு மாறி செக்சமும் கரெக்ட்னு வந்தா மூலத்தையே பிடிச்சிட்டீங்க, ஃபர்ம்வேர் அதை எடுத்து புதுசா கணக்குப் போட்டிருக்கு. ஒரு வரி அவுட்புட்டை வெச்சு உள்ள நடக்கிற வரிசை தெரிஞ்சு போச்சு பாருங்க, இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

மூலத்துல 40 எழுத்துக்கும் உங்க பேரை எழுதி, மிச்சத்தை ஸ்பேஸ் போட்டு நிரப்பி, ஜோடி வரிசையைக் கவனிச்சு எழுதினா ஹெச்டிபார்ம்ல உங்க பேரு வந்துடும். சவாலோட முதல் பாதி முடிஞ்சது. பவர் ஆஃப் பண்ணினா பழைய பேரு திரும்பிடும், அதுதான் நமக்கு வேணும். மெமரியில பண்ற எந்த மாத்தமும் பவர் எடுத்தா போயிடும்ங்கிறதால எவ்வளவு வேணா துணிஞ்சு பரிசோதனை பண்ணலாம். மெமரியில நூறு தடவை ஓடிக் காட்டாத எதையும் ஃப்ளாஷ்ல எழுதாதீங்க.

ரெண்டாவது பாதி, எந்தக் கோடு இதைச் செய்யுதுன்னு பிடிக்கிறது. மாடல் பேரோட மூல முகவரியில படிக்கும்போது நிக்கிற மாதிரி ஒரு வாட்ச்பாயிண்ட் வைங்க. இந்த வகை கோர்கள்ல ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட் ஒண்ணு ரெண்டுதான் கிடைக்கும், பிரேக்பாயிண்டும் அதே கணக்குல வந்துடும், அதனால சிக்கனமா பயன்படுத்துங்க. ஐடென்டிஃபை அனுப்புங்க, கோர் நிக்கும், பிசியையும், திரும்பிப் போக வேண்டிய முகவரியை வெச்சிருக்கிற எல்ஆரையும் குறிச்சுக்கோங்க. நிக்கவே இல்லன்னா வேற கோர் படிக்குதுன்னு அர்த்தம், அந்தக் கோர்ல வெச்சுப் பாருங்க.

இப்பதான் கிட்ராங்கிற டிஸ்அசெம்பிளருக்கு நேரம். 2019ல அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ இலவசமா வெளியிட்டது, இந்த வேலைக்குத் தாராளமா போதும். மெமரியில இருந்து எடுத்த துண்டுகளை அந்தந்த முகவரியிலயே ஏத்துங்க, பிராசஸரா ஆர்ம் வி5டி லிட்டில் எண்டியன் குடுங்க. கோடுல 4 பைட் ஆர்ம் கட்டளையும், 2 பைட் குட்டி வடிவமான தம்ப் கட்டளையும் கலந்து வரும், எது எதுன்னு கிட்ரா தப்பா ஊகிச்சா குப்பையா தெரியும், அப்ப பைட்டைப் பாருங்க, தம்ப் ஃபங்ஷன் ஆரம்பத்துல ரெண்டாவது பைட் பி5ன்னு அடிக்கடி வரும், முடிவுல 70 47னு வரும். நீங்க குறிச்சு வெச்ச பிசி முகவரிக்குப் போய், அங்க இருந்து கூப்பிட்டவங்க, அவங்களைக் கூப்பிட்டவங்கன்னு மேல ஏறுங்க. மேல போகப் போக ஒரு இடத்துல கட்டளை எண்ணை வெச்சுப் பிரிக்கிற அட்டவணையோ பெரிய ஸ்விட்ச்சோ வரும். ஹெக்ஸ்ல 25, 35, 60, 61, சி8, பி0, ஈசி எல்லாம் ஒரே இடத்துல கூடி நிக்கிறதைப் பாத்தா சந்தேகமே வேண்டாம், படிக்கிறது, எழுதுறது, ஸ்மார்ட், ஐடென்டிஃபை எல்லாத்தோட வாசலும் அதுதான். அந்த ஒரு அட்டவணை கிடைச்சா நூத்துக்கணக்கான பேரில்லாத ஃபங்ஷன்களுக்கு ஒரே நாள்ல பேரு வெச்சிடலாம்.

அட்டவணையில ஸ்டாண்டர்டுல இல்லாத எண்களும் இருக்கும், ஹெக்ஸ் 80 மாதிரி. அதெல்லாம் கம்பெனியோட சொந்தக் கட்டளைகள். அதுல ஒண்ணு எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஐடில்3 டூல்ஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமோட சோர்ஸைப் படிங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் கிரீன் டிஸ்க்குகள் 8 செகண்டு சும்மா இருந்தாலே ஹெட்டைத் தூக்கி ஓரம் கட்டிடும், அந்த டைமரை மாத்துறதுக்கான கருவி இது. டிஸ்க்கைத் திறக்க அது அனுப்புற 80 கட்டளையில 57ம் 44ம் போகுது, எழுத்தா படிச்சா டபிள்யூவும் டியும். கம்பெனி பேரோட ரெண்டு எழுத்துதான் சாவி. இதைப் படிச்சு, நம்ம அட்டவணையில 80க்கு நேரா இருக்கிற ஃபங்ஷனையும் படிச்சு, ரெண்டும் பொருந்துறதைப் பாத்தா உங்க அலசல் சரியான வழியில போகுதுன்னு நம்பலாம். ஆனா மத்த சொந்தக் கட்டளைகளைச் சும்மா எண் மாத்தி மாத்தி அனுப்பிப் பாக்காதீங்க, சர்வீஸ் ஏரியாவை அழிக்கிற கட்டளையும் அதே குடும்பம்தான்.

கோடை மாத்துறது எப்படின்னா, ஐடென்டிஃபை ஹேண்ட்லர், அதாவது அந்தக் கட்டளையை நிறைவேத்துற ஃபங்ஷன், செக்சம் கணக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் இல்லையா, அந்த அழைப்பை மட்டும் உங்க குட்டி ஃபங்ஷனுக்குத் திருப்பி விடுங்க. உங்க ஃபங்ஷன் ரெஜிஸ்டர்களை ஸ்டாக்ல சேமிச்சு, பஃபர்ல 40 எழுத்தை எழுதி, ரெஜிஸ்டர்களைத் திருப்பிக் குடுத்து, பழைய ஃபங்ஷனுக்கே தாவணும். அதை வெக்க யாரும் பயன்படுத்தாத இடம் வேணும், பூஜ்யமா நிரம்பின இடத்தைப் பாத்து எழுதி, டிஸ்க்கை நல்லா வேலை வாங்கிட்டு, எழுதினது அப்படியே இருக்கான்னு பாத்துட்டு எடுத்துக்கோங்க. தம்ப்ல இருந்து கூப்பிடுறதா இருந்தா 4 எம்பி தூரத்துக்கு மேல தாவ முடியாது, அதையும் கணக்குல வைங்க. எல்லாம் எழுதியும் பழைய கோடே ஓடுதுன்னா இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ்ல பழசு உக்காந்திருக்கு, அதைக் காலி பண்ணிட்டு ஓட விடுங்க.

கடைசிப் படி ஃப்ளாஷ். இங்கதான் நான் முதல்லயே சொன்ன சிக்கல் வரும். மாடல் பேரு ஃப்ளாஷ்ல இல்ல, பிளாட்டர்ல இருந்து வருது. இதைக் கண்ணால பாக்க ஆசை இருந்தா போர்டை மட்டும் தனியா கழட்டி, பிளாட்டர் இல்லாம சாட்டாவுல மாட்டிப் பாருங்க. பல வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டுகள் கொஞ்ச நேரம் தடுமாறிட்டு டபிள்யூடிசி ரோம் மாடல்னு ஆரம்பிக்கிற ஒரு பொதுப் பேரைச் சொல்லும், அந்தக் குடும்பத்தோட உள்பெயரும் கூட வரும், ஹாக் மாதிரி. அந்தப் பேரு ஃப்ளாஷ்ல இருக்கிறது, உண்மையான மாடல் பேரு பிளாட்டர்ல இருக்கிறது. அதே மாதிரி நீங்க பிடிச்ச ஹேண்ட்லரும் ஃப்ளாஷ்ல இருந்து வந்த கோடா, பிளாட்டர்ல இருந்து பிற்பாடு மெமரியில ஏறின துண்டு, அதாவது ஓவர்லேயான்னு பாக்கணும். போர்டு தனியா இருக்கும்போது எடுத்த மெமரியையும் முழுசா பூட் ஆனப்புறம் எடுத்த மெமரியையும் ஒப்பிட்டா தெரிஞ்சிடும். ஓவர்லேன்னா ஃப்ளாஷ்ல இருந்து நேரா அதை மாத்த முடியாது, ஓவர்லே ஏறி முடிஞ்சதுக்கு அப்புறம் ஓடுற ஒரு ஃப்ளாஷ் ஃபங்ஷனைப் பிடிச்சு, அதுல இருந்து போய் மாத்தணும். சர்வீஸ் ஏரியாவுலயே எழுதிடலாமேன்னு தோணும், தயவு செஞ்சு வேண்டாம், ஃப்ளாஷ் கெட்டா கிளிப் போட்டு பழைய ஃபைலை எழுதி மீட்டுடலாம், சர்வீஸ் ஏரியா கெட்டா மீட்கிறது வேற லெவல் வேலை.

உங்க கோடை கம்பிரஸ் பண்ணாத ஒரு புதுத் துண்டா, ஃப்ளாஷ் ஃபைல் ஆரம்பத்துல பாத்த பட்டியல்ல சேர்த்து, அந்தப் பதிவுக்கான செக்சமைச் சரி பண்ணி எழுதுங்க. செக்சம் எப்படிக் கூட்டுதுன்னு தெரிய ஏற்கெனவே இருக்கிற துண்டுகள்ல கணக்குப் போட்டுப் பாருங்க, அஞ்சாறு துண்டுக்கும் உங்க கணக்கு பொருந்தினா முறை சரி.

மார்வெல் டிஸ்க் கிடைக்கல, சீகேட்தான் இருக்குன்னா வேற வாசல் உண்டு. சாட்டா கனெக்டருக்குப் பக்கத்துல இருக்கிற ஜம்பர் பின்கள்ல சீரியல் போர்ட் இருக்கும், 7200.11 வரிசையில 38400 பாட் வேகத்துல கனெக்ட் பண்ணி கண்ட்ரோல் இசட் அடிச்சா எஃப்3 டின்னு ஒரு பிராம்ப்ட் வரும், டிஸ்க்கோட சொந்த டெர்மினல். 2009 ஆரம்பத்துல அந்த வரிசை டிஸ்க்குகள் ஃபர்ம்வேர் பிழையால திடீர்னு பூட் ஆகாம உறைஞ்சு போனப்ப, உலகம் முழுக்க சாதாரண ஆளுங்க இந்த டெர்மினல் வழியாதான் தங்களோட டேட்டாவை மீட்டாங்க. ஜேடேக் இல்லாமலே நிறைய பாக்கலாம், ஆனா தப்பான கட்டளை ஒண்ணு போதும் டிரான்ஸ்லேட்டர் போயிடும்.

இந்த அறிவு எதுக்குன்னு கேட்டா, 2013ல ஒரு ஆராய்ச்சிக் குழு டிஸ்க் ஃபர்ம்வேருக்குள்ள பின்வாசல் வெக்க முடியும்னு செஞ்சே காட்டினாங்க, 2015 பிப்ரவரியில ஆன்டிவைரஸ் கம்பெனி காஸ்பர்ஸ்கி, ஈக்வேஷன் குரூப்ங்கிற ஹேக்கர் கும்பலைப் பத்தி வெளியிட்ட அறிக்கையில பல கம்பெனி டிஸ்க்குகளோட ஃபர்ம்வேரை மாத்தி எழுதுற மாட்யூல் நிஜத்துலயே சிக்கிச்சு. ஃபார்மட் பண்ணினாலும் ஓஎஸ் புதுசா போட்டாலும் போகாத இடம் அது. டிஸ்க் தன்னைப் பத்தி சொல்றதை டிஸ்க் கிட்டயே கேட்டு நம்புற நிலைமை மாறணும்னா, உள்ள புகுந்து படிக்கத் தெரிஞ்சவங்க நம்மள்ல நிறைய பேர் வேணும்.

ஃப்ளாஷ்ல எழுதி முடிச்சதும் உடனே பவர் குடுத்துடாதீங்க, எழுதினதைத் திரும்பப் படிச்சு ஃபைலோட ஒப்பிட்டுட்டு, போர்டை டிஸ்க்ல மாட்டாம தனியா ஒரு தடவை பவர் குடுத்து ஜேடேக்ல கோர் ஓடுதான்னு பாருங்க. ஓடினா அப்புறம் பிளாட்டரோட மாட்டி ஹெச்டிபார்ம் அடிங்க. மோட்டார் சுத்தி நிக்குது, திரும்பச் சுத்துது, டிஸ்க் பதிலே சொல்லலன்னா உங்க கோடு சரியான நேரத்துக்கு முன்னாடியே ஓடுதுன்னு அர்த்தம், பவரை எடுத்துட்டு பழைய ஃபைலை எழுதிட்டு, ஹூக்கை, அதாவது உங்க கோடுக்குத் திருப்பி விட்ட இடத்தை, இன்னும் ஒரு படி தள்ளி வைங்க.